சிக்கல் எண் பூஜ்யம்

தங்கவயலில் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பதை அமலா எழுதிய மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. பேத்தமங்களா ஏரியிலிருந்து வந்த தண்ணீர் தொட்டியில் எத்தனை அடி நிற்கிறது, போன தடவை எந்த லைனுக்கு விட்டது, எந்த பம்ப் இன்று மனம் வைத்து ஓடுகிறது என்பதையெல்லாம் பார்த்து, அடுத்த முறை யாருக்கு என்று அது சொல்லும். சொன்ன கையோடு அந்த லைனில் உள்ள வீடுகளுக்கு செல்போனில் செய்தி போகும். வால்வு திறக்கும் ஹரோல்டுக்கும் போகும். அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்புவார்.

லைன் என்றால் சுரங்கக் காலத்தில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் ஊரில் விலாசம் இன்னும் லைன் கணக்கில்தான்.

அமலா ஊரில் ஸ்கெலட்டன் என்ற லைனைச் சேர்ந்தவள். ஒன்பது வருஷம் விடிவதற்குமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வேலை பார்த்து, வீட்டுக்குத் திரும்பி, சாப்பிட்டதும் சாப்பிடாததும் தெரியாமல் தூங்கியவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடிநீர் முறைக் கழகம் ஊரிலேயே ஒரு கிளை திறந்தபோது வேலையை மாற்றிக்கொண்டாள். கிளையில் மொத்தம் நாலு பேர். மேலாளர் மனோகர், அமலா, ஹரோல்ட், அப்புறம் ஆபீஸ் உதவியாளர் மங்கம்மா. மனோகர் எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் உட்கார்ந்து, பிறகுதான் பிரிப்பார்.

அப்படி உட்கார்ந்து பிரித்த ஒரு கடிதம் மென்பொருள் கட்டமைப்பு நலவாரியத்திலிருந்து வந்தது. அரசுப் பணத்தில் ஓடும் எல்லா மென்பொருளையும் கிராஃப் தியரிப்படி சோதிக்க வாரியம் முடிவு செய்திருந்தது.

அமலாவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கல்லூரியில் மார்க்குக்காக இல்லாமல் படித்த ஒரே பாடம் அதுதான். மென்பொருளின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். ஒரு பகுதி இன்னொன்றைக் கேட்டு வேலை செய்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான வரிகளைப் படித்தாலும் கண்ணில் படாத தப்பு படத்தில் சட்டென்று தெரிந்துவிடும்.

"நல்லதா கெட்டதா?" என்று மனோகர் கேட்டார்.

"நல்லது சார். எனக்கே இத்தினி நாளா ஒரு தொல்ல கீது. மெசேஜ் மூணு மூணா போகுது. எங்க தப்புன்னு தெரியல. படம் போட்டா தெரிஞ்சிடும்."

வாரியத்தின் ஆய்வாளர் விநாயக் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கருவி ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகினார். கருவி எண்ணியது. பதினாலடி நீளத் துணியில் படம் அச்சாகி வந்தது. அதைச் சுவரில் மாட்டி, குத்துவிளக்கேற்றி, மனோகரை ஒரு ரிப்பன் வெட்டச் சொன்னார். நாற்பத்து மூன்று புள்ளிகள். நூற்று எண்பத்தெட்டு கோடுகள்.

அமலா படத்தைத் திறந்த வாயோடு பார்த்தாள். தான் எழுதியதைத் தானே முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. ஓரத்தில் மூன்று புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஒரு வளையமாக நின்றன. செய்தி அனுப்பும் பகுதி வால்வைக் கேட்கிறது, வால்வு தொட்டியைக் கேட்கிறது, தொட்டி மறுபடியும் செய்தியை எழுப்புகிறது.

"இங்க பாருங்க சார், இந்த வளையம்! இதனாலதான் மூணு மெசேஜ்!"

விநாயக் பார்க்கவில்லை. "மேடம், படம் பாக்குறதுக்கு இல்ல. அறிக்கையோட இணைக்கிறதுக்கு" என்றார். "எங்களுக்கு வேண்டியது எண். கோடு ஒன்றுக்கு ஒரு சிக்கல். உங்க சிக்கல் எண் நூத்தி எண்பத்தெட்டு. அனுமதிக்கப்பட்ட அளவு முப்பது."

"ஆனா தொட்டியக் கேக்காம வால்வ எப்படித் தொறக்கறது? அந்தக் கோடு வேணுமே?"

"வேணும், வேணாம்னு பிரிச்சுப் பாக்க எங்க கருவிக்கு வசதி இல்ல மேடம். அது பாரபட்சம் காட்டாது."

தேறாத கிளைகள் மூன்று மாதத்தில் மூடப்பட்டு பெங்களூர் தலைமை அலுவலகத்தோடு சேர்க்கப்படும் என்று அவர் நீட்டிய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அமலாவுக்குக் காதில் ரயில் ஊதியது.

வாரியத்தின் இரண்டாவது உத்தரவு பத்து நாளில் வந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும். கேட்கும் பகுதியின் பொறுப்பாளர், கேட்கப்படும் பகுதியின் பொறுப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். நாற்பத்து மூன்று பகுதிக்கும் பொறுப்பாளர் அமலாதான். எனவே, மதிப்பிற்குரிய அமலா அவர்களுக்கு அமலா பணிவுடன் விண்ணப்பித்தாள். அமலா அவர்களின் கடிதம் கிடைத்தது என்று அமலா பதில் எழுதினாள். மங்கம்மா கடிதத்தை மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து, பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தில் வைத்தாள்.

அறுபத்து நாலாவது கடிதத்தில் அமலாவுக்கு அலுத்துப்போய், "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதிவிட்டாள். வாரியம் அதைப் படித்துவிட்டது. இரு பொறுப்பாளர்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரிவதால் சமரசக் கூட்டம் நடத்த வேண்டும் என்று விநாயக்கை அனுப்பியது.

விநாயக் எதிரெதிரே இரண்டு நாற்காலி போடச் சொன்னார். அமலா ஒன்றில் உட்கார்ந்து கேட்டாள். எழுந்து போய் மற்றதில் உட்கார்ந்து பதில் சொன்னாள். மங்கம்மா டீ கொண்டுவந்தாள். மூன்று டம்ளர் கேட்டிருந்தார் விநாயக்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு மேடத்துக்கு. மூணாவது யாருக்கு சார்?"

"எதிர்த்தரப்புக்கு."

மங்கம்மா அமலாவைப் பார்த்தாள். அமலா தரையைப் பார்த்தாள். மங்கம்மா மூன்றாவது டீயைத் தானே குடித்தாள். கூட்டக் குறிப்பில் விநாயக் இப்படி எழுதினார்: "இரு தரப்பும் சுமுகமாகப் பேசின. முதல் தரப்பு சற்றுக் கடுமையாக இருந்தது."

மூன்றாவது உத்தரவைப் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும் என்று விதி. மனோகர் விதியை மீறாதவர். வாசல் கதவில் ஒட்டினார். "தற்போதுள்ள 188 லைன்களில் 158 லைன்கள் மாதக் கடைசிக்குள் நீக்கப்படும்" என்று அதில் இருந்தது.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் நிற்க இடமில்லை. மைசூர் மைன்ஸிலிருந்து, ஸ்கெலட்டனிலிருந்து, பெயர் தெரியாத லைன்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ரேஷன் கார்டு, கரண்ட் பில், சுரங்க அடையாள அட்டை எல்லாம் கையில். முன்னால் நின்றது மைசூர் மைன்ஸ் கிருஷ்ணம்மா. ஊரில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் கேட்பது அவள் குரல்தான்.

"எங்க லைன் கீதா, போச்சா? அத்தச் சொல்லுங்க மொதல்ல."

"இது வேற லைன்மா" என்றார் மனோகர். "கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற லைன்."

"அந்த லைன்ல யாரு குடி கீறாங்க?"

"யாரும் இல்லம்மா."

"யாரும் இல்லாத லைன இன்னாத்துக்கு இடிக்கிறீங்க?"

மனோகர் பதிலுக்காக அமலாவைத் திரும்பிப் பார்த்தார். அமலா அந்தக் கேள்வியைத்தான் ஒரு மாதமாக வாரியத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு ஆட்சேபணை மனுக்கள் சேர்ந்தன. வாரியம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது. மனுதாரர்கள் தங்கள் பகுதி எண்ணைக் குறிப்பிடவில்லையாம்.

அமலா இரண்டு வாரம் உட்கார்ந்து வேலை செய்தாள். எண்ணுக்காகச் செய்யவில்லை, படம் காட்டிய தப்புகள் அவளை உறுத்தின. வளையத்தை அறுத்தாள். ஒரே விஷயத்தை ஏழு பகுதிகள் ஏழு இடத்தில் கேட்டுக்கொண்டிருந்ததை ஒரே இடத்துக்கு மாற்றினாள். கோடுகள் நூற்று இருபத்தொன்றாகக் குறைந்தன. ஒரு தண்ணீருக்கு ஒரு செய்தி என்று ஊர் முழுக்கச் சீரானது. கிருஷ்ணம்மா ஆபீஸுக்கே போன் போட்டு, "இன்னா மேடம், ஒரே மெசேஜ்தான் வந்துச்சு, தண்ணி வருமா வராதா?" என்று சந்தேகம் கேட்டாள். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அமலாவுக்குத் தன் வேலையைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

விநாயக் வந்து கருவியைச் செருகினார். அறிக்கையில் எழுதினார்: "பாராட்டத்தக்க முயற்சி. தோல்வி."

ஆனால் விநாயக் கெட்டவர் இல்லை. அவருக்கும் மாதம் இத்தனை கிளை தேறியாக வேண்டும் என்று ஓர் எண் இருந்தது. கிளம்பும்போது வராந்தாவில் மனோகரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், எங்க கருவி கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற கோட்டை மட்டும்தான் எண்ணும். ஒரு பகுதி சொன்னதை யாராவது கையில எடுத்துட்டுப் போய் இன்னொரு பகுதிக்குச் சொன்னா, அது எங்க அதிகாரத்துக்குள்ள வராது. நான் எதுவும் சொல்லல. நீங்க எதுவும் கேக்கல."

மனோகர் எதுவும் கேட்காத முகத்தோடு உள்ளே வந்தார். அவர் பார்வை டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மங்கம்மாவின் மேல் விழுந்தது.

"வேணாம் சார்" என்றாள் அமலா. "இது ஏமாத்து வேல."

"எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம்மா. என்ன ரயில்ல ஏத்தாத. நீயும் ஏறாத."

அமலா மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் அந்த நூற்று இருபத்தொரு கோட்டையும் ஒவ்வொன்றாக அறுத்தாள். நல்ல பதிப்பை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். வேலை முடிந்தபோது தொட்டிப் பகுதிக்குத் தொட்டி மட்டும் தெரியும். வால்வுப் பகுதிக்கு வால்வு மட்டும் தெரியும். ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்ததை ஒரு சீட்டில் அச்சடித்துத் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கும். மங்கம்மா சீட்டைக் கிழித்து எடுத்துப் போய் அடுத்த கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் தட்ட வேண்டும். ஒரு லைனுக்குத் தண்ணீர் விட ஒன்பது சீட்டு.

"அதுங்களே பேசிகினு இருந்துச்சே மேடம்" என்றாள் மங்கம்மா. "சண்ட கிண்ட போட்டுக்கிச்சா?"

"இல்லக்கா. பேசுனா மார்க் கொறையுதாம்."

"எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள் மங்கம்மா, முதல் சீட்டைக் கிழித்தபடி.

ஒரே வாரத்தில் அவள் தேறிவிட்டாள். இயந்திரத்துக்கு இல்லாத சந்தேகமும் அவளுக்கு இருந்தது. "தொட்டி ஆறடின்னு சொல்லுது. காலீல நான் பாத்தப்ப நாலுதான் இருந்துச்சு. பொய் சொல்லுது மேடம்" என்று சீட்டைத் திருப்பிக்கொண்டு வருவாள். அவள் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும்.

விநாயக் வந்தார், செருகினார். கருவி சிறிது நேரம் எதையோ தேடிவிட்டு பூஜ்யம் என்றது. விநாயக் எழுந்து நின்றுவிட்டார். மாநிலத்திலேயே முதல் பூஜ்யம்.

விழாவுக்கு வாரியத் தலைவரே வந்தார். ஆபீஸை ஒட்டிய ஹாலில் பந்தல், மைக், நாற்காலிகள். மேடைக்குப் பின்னால் பிரமாண்டமான துணியில் நாற்பத்து மூன்று புள்ளிகள். நடுவில் ஒரு கோடு கிடையாது. தலைவருக்கு மாலைத் தட்டு பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். கிளையில் மிச்சமிருந்தது மங்கம்மாதான். மாலை போட்ட பிறகும் சால்வை, நினைவுப் பரிசு, சந்தனம் என்று ஒவ்வொன்றாக இருந்ததால் தட்டோடு அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

தலைவர் பேசினார். தங்கவயலில் தமிழில் பேசினால் கைதட்டு நிச்சயம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"பெருமக்களே! இந்தப் படத்தைப் பாருங்கள். எவ்வளவு அமைதி! யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எங்கள் வாரியத்தைப் பதினோரு ஆண்டுகளாக நான் இப்படித்தான் நடத்துகிறேன். எங்களிடம் ஆறு பிரிவுகள் உள்ளன. ஒரு பிரிவு செய்வது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது. சில பிரிவுகள் என்ன செய்கின்றன என்பது எனக்கே தெரியாது. அதனால்தான் இன்றுவரை எங்கள் மீது ஒரு புகார்கூட நிரூபிக்கப்படவில்லை!"

கைதட்டு வந்தது. அமலா கைதட்டவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்குத் திறந்த கதவு வழியே ஆபீஸ் தெரிந்தது. பிரிண்டரின் வாயில் ஒரு சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. பத்தரைக்கு மைசூர் மைன்ஸ் முறை. இப்போது மணி பதினொன்று. இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீர். அவள் எழப் போனாள். மனோகர் கையைப் பிடித்தார்.

"தலைவர் பேசும்போது எழுந்திரிக்கக் கூடாதும்மா."

"சார், தண்ணி!"

"ரெண்டே நிமிஷம். முடிச்சிடுவார்."

தலைவர் அடுத்து, தான் சிறுவயதிலிருந்தே கோடு போட்ட நோட்டை வெறுத்து வந்த வரலாற்றைத் தொடங்கினார்.

பதினொன்றே காலுக்குக் கிருஷ்ணம்மா காலிக் குடத்தோடு ஹாலுக்குள் வந்தாள். பின்னால் இருபது பெண்கள், இருபது குடம். எல்லாம் பிளாஸ்டிக் குடம் என்பதால் சத்தம் அதிகமில்லை. ஆனாலும் மைக் நின்றது.

"தண்ணி இன்னா ஆச்சு?"

தலைவர் கனிவாகப் புன்னகைத்தார். "அம்மா, கவலை வேண்டாம். மென்பொருள் பரிபூரண நலத்தோடு இருக்கிறது."

"அது நல்லா இக்கட்டும். தண்ணி எங்க?"

"தண்ணீர் வராதது மென்பொருளின் குறையல்ல. இதோ, நீங்களே பாருங்கள்." தலைவர் துணியைக் காட்டினார்.

கிருஷ்ணம்மா குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "இன்னா இது? யாருக்கு அம்ம போட்டுகீது?"

சிரிப்பு கிளம்பி அடங்குவதற்குள் மங்கம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, மைசூர் மைன்ஸ்!" என்றாள். தட்டை வைக்க இடமில்லை. பக்கத்தில் நின்றவர் தலைவர்தான். "இத்தச் சித்தப் பிடிச்சிக்கங்க சார்" என்று அவர் கையில் கொடுத்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள். மூன்று கம்ப்யூட்டருக்கு நடுவில் அவள் சீட்டும் கையுமாகப் போய் வருவது கதவு வழியே எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்பதாவது சீட்டுக்குப் பிறகு வெளியே ஸ்கூட்டர் உதைபடும் சத்தம் கேட்டது. கிருஷ்ணம்மாவின் இடுப்பில் செல்போன் சிணுங்கியது. பெண்கள் வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் வெளியேறினார்கள்.

தலைவர் தட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். அதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை.

"அந்த அம்மா யார்?" என்று கேட்டார்.

மனோகருக்குப் பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. "அவங்கதான் சார் கோடு" என்றார். "நூத்தி இருபத்தோரு கோடும் அவங்கதான்."

அமலா எழுந்தாள். எழுந்துவிட்டதால் பேசித்தான் ஆக வேண்டும். "சார், உங்க படம் எனக்கு உதவுச்சு. மொத தடவ பாத்தப்ப ஒரு தப்பக் காட்டிக் குடுத்துச்சு. சரி பண்ணேன். அதுக்கு நான் நன்றி சொல்றேன். ஆனா மிச்ச கோடெல்லாம் தப்பு இல்ல சார், வேல. தொட்டியக் கேக்காம வால்வத் தொறக்க முடியாது. கம்ப்யூட்டர் கேக்கலன்னா மங்கம்மாக்கா கேக்கணும். எத்தன கோடுன்னு எண்ணாதீங்க. எந்தக் கோடுன்னு பாருங்க."

தலைவர் தட்டோடு துணிப் பக்கம் திரும்பி நின்றார். இந்தக் கிளை மூடப்பட்டுவிட்டது, தன்னால்தான் மூடப்பட்டது என்று அமலா நினைத்துக்கொண்டாள். கடைசியில் தலைவர் விநாயக்கைக் கூப்பிட்டு, "அந்த அம்மாவை அளந்தீர்களா?" என்றார்.

அடுத்த வாரம் வாரியம் மங்கம்மாவை அளந்தது. எங்கே செருகுவது என்று தெரியாததால் கேள்வி கேட்டு அளந்தார்கள். அவளை நடுவில் ஒரு புள்ளியாக வைத்துச் சுற்றிலும் நாற்பத்து மூன்று கோடுகள் போட்டார்கள். ஆனால் அவள் மென்பொருள் அல்ல என்பது சட்டப் பிரிவின் கருத்து. எனவே பூஜ்யம் செல்லும். கொடுத்த விருதைத் திரும்பப் பெற விதியும் இல்லை. மங்கம்மாவுக்கு "இணைப்பாளர் (கூடுதல் பொறுப்பு)" என்று ஒரு பதவி உருவாக்கி, உத்தரவோடு விநாயக் வந்தார். இனி வாழ்நாள் முழுக்கச் சீட்டுத் தூக்க வேண்டியதுதான் என்று அமலாவுக்கு மனசு கனத்தது.

மங்கம்மா உத்தரவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்து, "பதவின்னா லீவு உண்டா சார்?" என்றாள்.

"கட்டாயம் உண்டு."

"நான் லீவுல போனா வேலைய யாரு பாக்கறது?"

விநாயக் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "தகுந்த மாற்று ஏற்பாட்டை விடுப்பில் செல்பவரே சொல்லலாம்னு இருக்கு."

மங்கம்மா அமலாவின் கம்ப்யூட்டரைக் காட்டினாள். "அது பாக்கும். மேடம் ஒண்ணு எடுத்து வெச்சிருக்காங்க. அதுங்களே பேசிக்கும்."

விநாயக்கின் முகத்தில், வாரியத்தில் சேர்ந்த பிறகு முதல்முறையாக இருக்கலாம், ஒரு வெளிச்சம் வந்தது. பேனாவைத் திறந்து அங்கேயே எழுதினார்: "மேற்படி 121 கோடுகள் மென்பொருளைச் சேர்ந்தவை அல்ல, இணைப்பாளரின் விடுப்பு ஏற்பாட்டைச் சேர்ந்தவை. மென்பொருளின் சிக்கல் எண் பூஜ்யமாகவே நீடிக்கிறது."

மனோகர் விடுப்புப் படிவத்தைக் கொண்டுவந்தார். அமலா நிரப்பினாள். எத்தனை நாள் என்ற இடத்தில் விதி அனுமதிக்கும் அதிகபட்சத்தை எழுதினாள்.

"காரணம்னு ஒரு எடம் கீதுக்கா. இன்னான்னு எழுதட்டும்?"

மங்கம்மா ஏற்கெனவே டீ போட எழுந்துவிட்டாள். "வேல நடக்கணும்னு எழுதுங்க மேடம்."

அமலா அப்படியே எழுதினாள். வாரியம் நாலே நாளில் அனுமதித்தது. யாரும் காரணத்தைப் படித்திருக்க மாட்டார்கள் என்கிறார் மனோகர். விநாயக் மட்டும், படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று இன்றுவரை சாதிக்கிறார்.